பருமன் அறுவை சிகிச்சையில் கல்லீரலையும் கணக்கில் சேர்க்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் உடல் பருமனுக்கான அறுவை சிகிச்சையைப் பற்றி வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், மூட்டு வலி, தூக்கத்தில் மூச்சுத் தடைபடுதல் ஆகியவற்றுக்கு அந்தச் சிகிச்சை எந்த அளவு உதவும் என்பதைக் கட்டுரை தெளிவாகச் சொன்னது. கல்லீரலைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. இந்தக் குறை கட்டுரையாளருடையது மட்டும் அல்ல. மருத்துவமனைகளின் விளம்பரங்களிலும், நோயாளிகள் மருத்துவரிடம் கேட்கும் கேள்விகளிலும், எல்லாவற்றுக்கும் மேலாக, சிகிச்சைக்குப் பணம் தருவதா மறுப்பதா என்று முடிவு செய்யும் காப்பீட்டு விதியிலும் கல்லீரல் இடம்பெறுவதில்லை. அரசு மருத்துவமனையின் அறுவை சிகிச்சைத் துறையில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில், இதைச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன்.

கல்லீரலின் உயிரணுக்களில் நூற்றுக்கு ஐந்துக்கு மேற்பட்டவற்றில் கொழுப்பு தேங்கினால் அதைக் கொழுப்புக் கல்லீரல் என்கிறோம். வேறு எதற்காகவோ எடுத்த வயிற்று ஸ்கேனில் 'ஃபேட்டி லிவர், கிரேடு 2' என்று எழுதி வந்துவிடும். அதைப் படித்துவிட்டுத் தூக்கம் கெடுகிறவர்களும் உண்டு. இது இப்போது எல்லோருக்கும் இருப்பதுதானே என்று காகிதத்தை மடித்து வைத்துவிடுகிறவர்களும் உண்டு. அந்த கிரேடு கொழுப்பின் அளவை மட்டுமே சொல்கிறது என்பதை இரு சாராருமே அறிவதில்லை. தேங்கிய கொழுப்பால் கல்லீரல் அழற்சி அடைந்திருக்கிறதா, அந்த அழற்சியின் விளைவாக நார்த்தழும்பு எவ்வளவு தூரம் படர்ந்திருக்கிறது என்பதை அந்த ஸ்கேன் காட்டாது. நோயாளியின் ஆயுளைத் தீர்மானிப்பதோ தழும்புதான். அதைப் பூஜ்யம் முதல் நான்கு வரை நிலைகளாகப் பிரிக்கிறோம்; நான்காம் நிலைதான் சிரோசிஸ் எனப்படும் கல்லீரல் சுருக்கம். ஸ்கேனில் 'கிரேடு 1' என்று வந்த ஒருவருக்குத் தழும்பு மூன்றாம் நிலையில் இருக்கக்கூடும். தழும்பு முற்றும்போது கொழுப்பு குறைந்து, ஸ்கேன் முன்பைவிட நன்றாக இருப்பதுபோலத் தோன்றுவதும் உண்டு.

மதுவைத் தொடாதவருக்கும் கல்லீரல் சுருங்கும் என்பதை நம் குடும்பங்கள் இன்னும் முழுமையாக ஏற்றுக்கொள்ளவில்லை. வயிற்றில் நீர் கோத்து, கால்கள் வீங்கி, கண்கள் மஞ்சளித்து வார்டில் வந்து சேர்ந்த, ஐம்பது வயதைக் கடந்த பெண்கள் பலரை நான் பார்த்திருக்கிறேன். ஊசி வழியாக நீர் பாட்டிலில் இறங்கிக்கொண்டிருக்கும்போது, பயிற்சி மருத்துவர் வழக்கப்படி குடிப்பழக்கம் உண்டா என்று கேட்பார். "எங்கம்மா காப்பியைத் தவிர வேற எதையும் தொட்டதில்லை சார்" என்று மகன் முகம் சிவந்து பதில் சொல்வார். அந்த அம்மாவின் பழைய சீட்டுகளைப் புரட்டினால் பல ஆண்டுச் சர்க்கரை நோய் இருக்கும், தொண்ணூறு கிலோவைத் தாண்டிய எடை இருக்கும், எப்போதோ எடுத்த ஸ்கேனில் ஃபேட்டி லிவர் என்ற ஒற்றை வரியும் இருக்கும். அந்த வரியைப் பின்தொடர்ந்து யாரும் எதுவும் செய்திருக்க மாட்டார்கள்.

எடையைக் குறைத்தால் இந்த நோய் பின்வாங்கும் என்பதில் ஐயம் இல்லை. கியூபாவில் 293 நோயாளிகளை 52 வாரம் உணவுக் கட்டுப்பாட்டிலும் உடற்பயிற்சியிலும் வைத்து, தொடக்கத்திலும் முடிவிலும் கல்லீரல் திசுவை எடுத்துப் பார்த்து 2015-இல் வெளியிட்ட ஆய்வு இதை நன்றாக நிறுவியது. உடல் எடையில் பத்து விழுக்காட்டுக்கு மேல் குறைத்தவர்களில் 90 விழுக்காட்டினருக்குக் கல்லீரல் அழற்சி நீங்கியது. 45 விழுக்காட்டினருக்குத் தழும்பும் குறைந்தது. ஆனால் அந்த அளவுக்கு எடையைக் குறைக்க முடிந்தவர்கள் அந்த ஆய்விலேயே பத்தில் ஒருவர்தான். கண்காணிப்பும் ஆலோசனையும் தொடர்ந்து கிடைத்த இடத்தில் நிலைமை இது என்றால், மாதம் ஒருமுறை மாத்திரை வாங்க வரும் ஒருவரிடம் 'வெயிட்டைக் குறையுங்கள்' என்று சொல்லி அனுப்புவதால் என்ன நடக்கும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. கடுமையான பருமன் உள்ளவர்கள் மனவுறுதி இல்லாமல் தோற்கிறார்கள் என்ற எண்ணம் தவறானது. எடை குறையக் குறையப் பசியைக் கூட்டியும் உடல் செலவிடும் ஆற்றலைக் குறைத்தும் பழைய எடைக்கே இழுத்துக்கொண்டு போவது உடலின் இயல்பு.

அறுவை சிகிச்சை அந்த இயல்பிலேயே கை வைக்கிறது. இன்று அதிகமாகச் செய்யப்படுபவை இரண்டு: இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு அதை ஒரு குழாய் வடிவத்துக்குக் குறுக்கும் ஸ்லீவ் முறை ஒன்று, இரைப்பையின் மேற்பகுதியில் சுமார் 30 மில்லி கொள்ளும் சிறு பையை மட்டும் பிரித்து, அதைச் சிறுகுடலோடு நேராக இணைக்கும் பைபாஸ் முறை மற்றொன்று. கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறைந்துவிடுவதால் எடை குறைகிறது என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். அது பாதி உண்மைதான். பசியைத் தூண்டும் கிரெலின் சுரப்பு, குறிப்பாக ஸ்லீவுக்குப் பிறகு, குறைகிறது. குடலில் சுரந்து இன்சுலினுக்குத் துணைநிற்கும் ஜிஎல்பி-1 கூடுகிறது. பித்த அமிலங்களின் போக்கும் குடல் நுண்ணுயிர்களின் கலவையும் மாறுகின்றன. வயிற்றின் உட்புறக் கொழுப்பிலிருந்து போர்ட்டல் சிரை என்ற இரத்தக்குழாய் வழியே இடைவிடாமல் கல்லீரலுக்கு வந்துகொண்டிருந்த கொழுப்பு அமிலங்களின் வரத்து குறைகிறது. இன்சுலினுக்கு உடல் மீண்டும் செவிசாய்க்கத் தொடங்குவதால், கல்லீரல் தானே புதிதாகக் கொழுப்பை உற்பத்தி செய்வதும் தணிகிறது. இத்தனையும் சேர்ந்துதான் கல்லீரலுக்கு நன்மை செய்கின்றன.

கல்லீரல் எவ்வளவு விரைவாகப் பதில் சொல்லும் என்பதை அறுவை அரங்கில் நிற்பவர்கள் கண்ணாலேயே பார்க்கலாம். லேப்ராஸ்கோப் கேமராவை வயிற்றுக்குள் செலுத்தியதும் முதலில் தெரிவது கல்லீரல்தான். நல்ல கல்லீரல் கருஞ்சிவப்பாகவும் கூரிய விளிம்போடும் இருக்கும். கொழுப்பு ஏறிய கல்லீரல் மஞ்சள் படிந்து, விளிம்பு மழுங்கி, இரைப்பையின் மேற்பகுதியை முற்றிலும் மூடிக்கொண்டு கிடக்கும். அதன் இடது மடலைக் கருவியால் தூக்கிப் பிடித்தால்தான் இரைப்பையை அணுகவே முடியும். கனத்த கல்லீரல் தூக்கும்போதே கிழிந்து இரத்தம் கசியும். இதற்காகவே அறுவைக்கு முன்பு இரண்டு வாரம் நாளொன்றுக்கு 800 கலோரி அளவிலான, பெரும்பாலும் திரவ உணவை மட்டும் கொடுக்கிறார்கள். அந்த இரண்டு வாரத்தைக் கடைப்பிடித்தவரின் கல்லீரல் கண்கூடாகச் சுருங்கி, கருவிக்கு இணங்கி எழும். கடைப்பிடிக்காதவரை உள்ளே பார்த்த மறுகணமே கண்டுபிடித்துவிடலாம். பருமனானவர்கள் எல்லோரும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன்.

கண்ணால் பார்ப்பது கொழுப்பை மட்டும்தான். அழற்சியும் தழும்பும் குறைகின்றனவா என்பதற்குத் திசுப் பரிசோதனைதான் சான்று. பிரான்சின் லீல் நகர மருத்துவர்கள், திசுப் பரிசோதனையில் அழற்சி உறுதியான 180 பேரை அறுவைக்குப் பின் ஐந்து ஆண்டு தொடர்ந்து கண்காணித்து 2020-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஐந்தாம் ஆண்டில் மீண்டும் திசு எடுக்கப்பட்டவர்களில் 84 விழுக்காட்டினருக்கு அழற்சி நீங்கியிருந்தது. 70 விழுக்காட்டினருக்குத் தழும்பு குறைந்திருந்தது. முதல் ஆண்டில் தொடங்கிய தழும்புக் குறைவு அதோடு நின்றுவிடாமல் ஐந்தாம் ஆண்டு வரை தொடர்ந்தது என்பதுதான் எனக்கு இதில் மிக முக்கியமாகப் படுகிறது. ஐந்தாம் ஆண்டில் திசுப் பரிசோதனைக்கு உரியவர்களாக இருந்த 94 பேரில் 64 பேருக்குத்தான் அது செய்யப்பட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும். வராதவர்களின் நிலை வேறாகவும் இருந்திருக்கலாம்.

அந்த ஆய்வில் ஒப்பிடுவதற்கு வேறு சிகிச்சை பெற்றவர்கள் இல்லை. அந்தக் குறையை ரோம் நகரில் 288 பேரை மூன்று குழுக்களாகக் குலுக்கல் முறையில் பிரித்து நடத்தி, 2023-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்ட ஆய்வு தீர்த்தது. ஓராண்டு முடிவில், தழும்பு கூடாமல் அழற்சி நீங்கியவர்கள் பைபாஸ் குழுவில் 56 விழுக்காடு, ஸ்லீவ் குழுவில் 57 விழுக்காடு. வாழ்க்கைமுறை மாற்றத்தோடு சிறந்த மருத்துவக் கவனிப்பும் பெற்ற குழுவில் 16 விழுக்காடு. எந்த அறுவை கல்லீரலுக்கு நல்லது என்று நோயாளிகள் விவாதித்துக்கொண்டிருப்பதற்கு, குறைந்தபட்சம் ஓராண்டுக் கணக்கில், இது விடை சொல்லிவிடுகிறது.

திசுவில் தெரியும் மாற்றம் நோயாளியின் வாழ்நாளில் என்னவாகிறது? அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் கிளினிக் 2021-இல் வெளியிட்ட ஆய்வு, அழற்சியும் தழும்பும் இருந்து இன்னும் சிரோசிஸ் வராத 1,158 பேரின் பதிவுகளை அலசியது. அறுவை செய்துகொண்ட 650 பேரில் சிரோசிஸ், கல்லீரல் புற்றுநோய், கல்லீரல் மாற்று, கல்லீரல் நோயால் மரணம் போன்ற பெருங்கேடுகள் 5 பேருக்கு வந்தன. செய்துகொள்ளாத 508 பேரில் 40 பேருக்கு வந்தன. பத்தாண்டுக் கணக்கில் இது 2.3 விழுக்காட்டுக்கும் 9.6 விழுக்காட்டுக்கும் உள்ள வேறுபாடு. இது குலுக்கல் முறை ஆய்வு அல்ல என்பதால் வேறுபாடு முழுவதையும் அறுவையின் கணக்கில் எழுதிவிட முடியாது. அதே ஆய்வில், அறுவை செய்துகொண்டவர்களில் 4 பேர் அறுவையின் சிக்கல்களால் முதல் ஆண்டிலேயே உயிரிழந்தார்கள். விளம்பரங்கள் இந்த எண்ணை அச்சிடுவதில்லை. நோயாளியிடம் கையொப்பம் வாங்குவதற்கு முன்பு மருத்துவர் இதைச் சொல்லியே ஆக வேண்டும்.

என் தலைமுறை மருத்துவர்கள் சிலருக்கு இந்த அறுவை கல்லீரலைக் கெடுக்கும் என்ற அச்சம் இருப்பதற்குக் காரணம் உண்டு. 1960-களிலும் 70-களிலும் மேலைநாடுகளில் சிறுகுடலில் பதினெட்டு அங்குலம் அளவை மட்டும் உணவுப் பாதையில் விட்டு, மீதியை ஒதுக்கிவிடும் ஓர் அறுவை வழக்கத்தில் இருந்தது. எடை குறைந்தது, கூடவே பலருக்குக் கல்லீரல் செயலிழந்தது. புரதமும் சத்துகளும் உடலில் சேராமல், ஒதுக்கப்பட்ட குடலில் கிருமிகள் பெருகி அவற்றின் நச்சு கல்லீரலுக்குப் போனதே அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. அந்த முறை கைவிடப்பட்டுப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. ஆனாலும் அதன் பாடம் இன்றைக்கும் பொருந்தும்: அளவுக்கு மீறிச் சத்துறிஞ்சலைத் தடுக்கும் எந்த முறையும், எவ்வளவு எடையைக் குறைத்தாலும், கல்லீரலுக்கு ஆபத்தே.

இன்றைய முறைகளிலும் எல்லோருக்கும் நன்மை கிடைப்பதில்லை. 32 ஆய்வுகளைத் தொகுத்து 2019-இல் வெளியான ஓர் அலசலில், சுமார் 12 விழுக்காட்டினருக்கு அறுவைக்குப் பின்பு கல்லீரல் நோய் புதிதாகத் தோன்றியோ முன்பைவிட மோசமாகியோ இருந்தது. சிரோசிஸ் வந்துவிட்டவர்களின் கணக்கு இன்னும் கண்டிப்பானது. அமெரிக்காவின் பழைய தேசியப் பதிவுகளின்படி, இந்த அறுவைக்காக மருத்துவமனையில் சேர்ந்தவர்களில் சிரோசிஸ் இல்லாதவர்களின் இறப்பு 0.3 விழுக்காடு, சிரோசிஸ் இருந்தும் கல்லீரல் தாக்குப்பிடித்துக்கொண்டிருந்தவர்களில் 0.9, நீர் கோத்தல், இரத்த வாந்தி போன்றவை தொடங்கிவிட்டவர்களில் 16.3. ஆகவே அறுவையின் பயன் உச்சத்தில் இருப்பது தழும்பு இரண்டாம், மூன்றாம் நிலையில் இருக்கும் காலத்தில்தான். அந்தக் காலத்தில் நோயாளிக்கு வலி இருக்காது, காமாலை இருக்காது, எந்தத் தொல்லையும் இருக்காது. தேடிப் பார்த்தால் ஒழிய யாருக்கும் தெரியாது.

தேடுவதற்குப் பெரிய செலவும் தேவையில்லை. நோயாளியின் வயது, இரத்தத் தட்டணுக்களின் எண்ணிக்கை, எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி என்ற இரு கல்லீரல் நொதிகளின் அளவு ஆகிய நான்கையும் வைத்து, தழும்பு இருக்கும் வாய்ப்பை மதிப்பிடும் ஃபிப்-4 என்ற கணக்கைப் போடலாம். எந்தச் சிற்றூர் ஆய்வகத்திலும் செய்யக்கூடிய பரிசோதனைகள்தான் இவை. 1.3-க்கு மேல் வந்தால், கல்லீரலின் இறுக்கத்தைக் கொண்டு தழும்பை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் எடுக்க வேண்டும். பருமனானவர்களுக்கு அதன் பெரிய முனையைப் பயன்படுத்த வேண்டும், இல்லையென்றால் அளவு தவறிவிடும். இளவயதினரிடம் ஃபிப்-4 நம்பகமாக வேலை செய்யாது என்பதால் அவர்களுக்கு நேராக ஃபைப்ரோஸ்கேன் எடுப்பதே நல்லது. அறுவை நடக்கும்போதே கல்லீரலிலிருந்து ஒரு துணுக்கை எடுத்து அனுப்புவது சில நிமிட வேலை. இவற்றைச் செய்யாமல் ஒருவரை அறுவை மேசையில் ஏற்றுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

இனி காப்பீட்டுக்கு வருகிறேன். எங்கெல்லாம் பணம் மறுக்கலாம் என்பதற்கு இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையம் 2019-இல் பொதுவான வாசகங்களை வகுத்தது. பருமன் அறுவைக்கு அதில் உள்ள நிபந்தனை: நோயாளியின் உடல் நிறைக் குறியீடு (கிலோவில் எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து வரும் எண்) 40 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும், அல்லது 35-ஐத் தொட்டு, கூடவே பருமனால் வந்த இதயத்தசை நோய், இதய இரத்தக்குழாய் நோய், கடுமையான தூக்க மூச்சுத்தடை, கட்டுக்குள் வராத சர்க்கரை நோய் ஆகிய நான்கில் ஒன்று இருக்க வேண்டும். கல்லீரல் நோய் இந்த நான்கில் இல்லை. 160 சென்டிமீட்டர் உயரமும் 95 கிலோ எடையும் உள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவருடைய குறியீடு 37. அவருக்குத் தழும்பு மூன்றாம் நிலையில் இருந்து, மற்ற மூன்று நோய்களும் இல்லாமல், சர்க்கரையும் மாத்திரையால் கட்டுக்குள் இருந்தால் அவருக்கு அனுமதி கிடைக்காது. அதே உயரத்தில் 103 கிலோ எடையும் குறையில்லாத கல்லீரலும் உள்ளவருக்கு எடை என்ற நிபந்தனை தடையாக இருக்காது. தனியார் மருத்துவமனையில் சில லட்சம் ரூபாய் ஆகும் சிகிச்சையில் இந்த வாசகம்தான் பல குடும்பங்களுக்கு முடிவைத் தீர்மானிக்கிறது.

40, 35 என்ற இந்த எல்லைகள் 1991-இல் அமெரிக்க வல்லுநர் குழு ஒன்று அந்நாட்டு மக்களுக்காக வகுத்தவை. நம்மைப் போன்ற ஆசிய மக்களுக்குக் குறைந்த எடையிலேயே உட்புறக் கொழுப்பும் சர்க்கரையும் கல்லீரல் கொழுப்பும் வந்துவிடுகின்றன என்பதால், அமெரிக்க, சர்வதேசப் பருமன் அறுவை மருத்துவர் சங்கங்கள் இரண்டும் 2022-இல் அந்த எல்லைகளைத் திருத்தி, ஆசியர்களுக்கு 27.5-இலிருந்தே அறுவையை ஒரு வாய்ப்பாக முன்வைக்கலாம் என்று அறிவித்தன. 27.5-ஐத் தாண்டிய எல்லோரையும் மேசையில் ஏற்ற வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் செய்வது அறமும் ஆகாது. நம் ஊரில் எடை அதிகம் இல்லாமலேயே கொழுப்புக் கல்லீரல் உள்ளவர்கள் ஏராளம், அவர்களுக்கு இந்த அறுவையால் ஆகப்போவது ஒன்றும் இல்லை. ஆனால் 2021 பிப்ரவரியில் மத்திய அரசே கொழுப்புக் கல்லீரல் நோயைத் தொற்றா நோய்த் தடுப்புத் திட்டத்தில் சேர்த்துக்கொண்ட பிறகு, காப்பீட்டு விதி மட்டும் அதை நோயாகவே கருதாமல் இருப்பதற்கு நியாயம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

புதிய மருந்துகள் வந்துவிட்டனவே, இனி அறுவை எதற்கு என்று கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். தழும்பு இரண்டாம், மூன்றாம் நிலையில் உள்ளவர்களுக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2024 மார்ச்சில் ரெஸ்மெட்டிரோம் மாத்திரைக்கும், 2025 ஆகஸ்டில் எடையையும் குறைக்கும் செமாகுளுடைட் ஊசிக்கும் ஒப்புதல் அளித்தது. இவை நல்ல செய்திகளே. லேசான பருமன் உள்ளவர்களுக்கு இவையே போதுமானதாக அமையக்கூடும். ஊசியை நிறுத்தினால் எடை பெரும்பாலும் திரும்பிவிடுகிறது என்பதையும், மாதாமாதம் ஆகும் செலவையும் சேர்த்துப் பார்த்துத்தான் குடும்பங்கள் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.

அறுவைக்குப் பிந்தைய கவனிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். பி12, இரும்பு, கால்சியம், டி வைட்டமின் மாத்திரைகள் வாழ்நாள் முழுவதும் தேவை. எடை வேகமாகக் குறையும் மாதங்களில் பித்தக்கல் உண்டாகாமல் இருக்க மருந்து தர வேண்டியிருக்கும். விடாமல் வாந்தி எடுப்பவருக்கு உடனே தயமின் என்ற பி1 வைட்டமின் கொடுக்காவிட்டால் மூளை பாதிக்கும். மதுவைப் பற்றி நம் மாநிலத்தில் அழுத்தமாகவே எச்சரிக்க வேண்டும்: பைபாஸுக்குப் பிறகு மது இரத்தத்தில் விரைவாக ஏறுகிறது, இரண்டாம் ஆண்டிலிருந்து குடிக்கு அடிமையாகும் அபாயம் கூடுகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கொழுப்பிலிருந்து மீட்ட கல்லீரலை மதுவிடம் பறிகொடுப்பதைப் போன்ற கொடுமை வேறில்லை. இத்தனைக்கும் மருத்துவமனைகள் தரும் டிஸ்சார்ஜ் சீட்டுகளில் எடை, சர்க்கரை, தையல் பிரிக்கும் தேதி எல்லாம் இருக்கும்; அடுத்த ஆண்டு கல்லீரல் தழும்பை அளந்து பார்க்க வேண்டும் என்ற குறிப்பைக் காண்பது அரிது.

எனவே, காப்பீட்டு ஆணையம் தன் பட்டியலில் ஐந்தாவதாக, ஃபைப்ரோஸ்கேனாலோ திசுப் பரிசோதனையாலோ உறுதியான, இரண்டாம் நிலையிலோ அதற்கு மேலோ உள்ள கல்லீரல் தழும்பைச் சேர்க்க வேண்டும்; அத்தகையவர்களுக்கு உடல் நிறைக் குறியீட்டின் எல்லையை ஆசியர்களுக்கு உரிய அளவுக்கு இறக்கிப் பரிசீலிக்க வேண்டும். அறுவைக்கு முன்பும், முடிந்து ஓராண்டு கழித்தும் தழும்பை அளப்பதை, அந்தப் பரிசோதனைகளின் செலவையும் சேர்த்து, சிகிச்சையின் கட்டாயப் பகுதியாக ஆக்க வேண்டும். தங்கள் நிருபர்கள் ஆணையத்திடமும் காப்பீட்டு நிறுவனங்களிடமும் இது குறித்து விளக்கம் கேட்டு, அவர்கள் சொல்லும் பதிலை அப்படியே வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற அரசு அறுவை மருத்துவர் ஒருவர்,
கரூர்.